முள் எப்போது ஏறுகிறது?
(லிங்கி வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது சம்பள உயர்வைப் பற்றியன்று. வாங்கிய சம்பளம் கையை விட்டுப் போகும் ஒரு வழியைப் பற்றி. பழைய காரில் சூடு ஏறுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறோம். இன்று ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் வாட்டர் பம்ப். அதற்கும் அடுத்த மாதம் 'ஹெட்' கழற்ற வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதச் சேமிப்பும் போய்விடுகிறது, சூடு மட்டும் போவதில்லை. போர்மன்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. நோய் இன்னதென்று சொல்லத் தெரியாத நோயாளிக்கு எந்த வைத்தியரும் ஊகத்தில்தான் மருந்து கொடுப்பார்.

1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷி வகை 1,300 சி.சி. இயந்திரம்; அடிக்கட்டை வார்ப்பிரும்பு, மேலுள்ள 'ஹெட்' அலுமினியம். அந்த முதல் சாகாவின் வழிவந்த வண்டிகள் 2008 வரை உற்பத்தியாயின. 1994இல் வந்த 660 சி.சி. கஞ்சில் 2009 வரை ஓடியது. இவ்வண்டிகளைத் தோட்டத்து வாசல்களில் இன்றும் காண்கிறோம். வயதான தாயைச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குவதும் இவைதாம். ஆகவே இது ஆடம்பரக்காரரின் பிரச்சினையன்று.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது; தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு, பல வண்டிகளில் 82 முதல் 88 பாகைக்குள், திறந்து விடுகிறது; ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஆறுகிறது; விசிறி காற்றை இழுக்கிறது; மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இவ்வளவுதான் அங்கே நடக்கும் வேலை. இவற்றில் எது பிழைத்தாலும் முள் ஏறும். ஆனால் ஒவ்வொன்றும் பிழைக்கும்போது முள் ஏறும் நேரம் வேறு. அந்த நேரத்தைக் கவனித்துச் சொல்வதே பாதி வைத்தியம்.

போர்ட்டிக்சனில் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கூட்டம். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது, முள் ஏறுகிறது. கூட்டம் கலைந்து வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானே இறங்குகிறது. இது பெரும்பாலும் விசிறியின் குறை. ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது விசிறியல்லவா செய்ய வேண்டும்? வண்டியை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுழலவில்லையென்றால் முதலில் பியூஸ், பிறகு வயர், பிறகு ரேடியேட்டரில் பொருத்திய வெப்ப சுவிட்ச், கடைசியில்தான் மோட்டார். பியூஸ் சில காசு. மோட்டார் பல வெள்ளி. வரிசையை மாற்றாதீர்கள். இன்னொன்று: இயந்திரத்தை அணைத்த பிறகும் சில வண்டிகளில் மின்விசிறி திடீரெனச் சுழலும். விரலை அங்கே வைக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான வண்டியும் உண்டு. சிரம்பான் கடைத்தெருவில் ஒரு தொல்லையும் இல்லை. பெடாஸ்-லிங்கி சாவடியில் நெடுஞ்சாலை ஏறி, ஐந்து பேருடன் மேட்டில் விரைந்தால் முள் ஏறுகிறது. இங்கே விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ஆறவில்லை. ரேடியேட்டரின் உள்ளே துரு அடைத்திருக்கலாம், வெளியே செம்மண் தூசியும் பூச்சியும் தகடுகளை மூடியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். வெளி அழுக்கைத் தண்ணீர் பீய்ச்சி நாமே கழுவலாம். அதைச் செய்து பார்க்காமல் புது ரேடியேட்டர் வாங்க வேண்டாம். கீழ்க்குழாயையும் கவனியுங்கள். உள்ளே தளர்ந்த குழாய் வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். குழாய்களை ஆறிய பிறகு பிசைந்து பார்க்க நம்மைவிடத் தகுந்தவர் யார்? அது நாம் வெட்டும் பாலில் செய்ததன்று, செயற்கை ரப்பர்தான். என்றாலும் ரப்பர் கெட்டதா நல்லதா என்று பால்வெட்டுக்காரரின் விரலுக்குத் தெரியாதா?

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடு ஏறுகிறதா? தண்ணீர் அளவு சரியாக இருந்தும், மேல்குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் சில்லென்றிருக்கிறதா? கதவு திறக்கவில்லை, தெர்மோஸ்டாட் மீது சந்தேகப்படலாம். அதைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் ஒரு பழைய டின்னில் தண்ணீர் வைத்துத் தொங்கவிடுங்கள். (சமையல் பாத்திரம் வேண்டாம், வீட்டம்மாவின் கோபத்துக்கு நாம் பொறுப்பல்ல.) தண்ணீர் கொதிப்பதற்குள் அது திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

மாற்றுங்கள் என்றோம், தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. "நம் வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. நாம் அதை ஒப்பவில்லை. அது இல்லாத இயந்திரம் உரிய சூட்டை எட்டத் தாமதிக்கும். பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். எண்ணெயில் கசடு சேரும். சில இயந்திரங்களில் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். எல்லாவற்றையும்விட, துரு அடைத்த ரேடியேட்டரின் நோயை அது சில மாதம் மறைத்து வைக்கும்.

இனி, தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்பவர்கள் கேளுங்கள். உடனே 'ஹெட் கேஸ்கெட்' என்று அஞ்ச வேண்டாம். முதலில் மூடி. சூட்டில் தண்ணீர் பக்கத்துப் புட்டிக்குப் போகும். ஆறியதும் திரும்பி வரவேண்டும். காலையில் புட்டி நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால், மூடியின் ரப்பர் கெட்டிருக்கலாம். அதன் விலை சில வெள்ளிதான். மூடி மாற்றியும் குறைந்தால், அதிகாலையில் ஆறிய இயந்திரத்தில் மூடியைத் திறந்துவைத்து இயக்குங்கள். முதல் நிமிடத்திலிருந்தே குமிழ்கள் ஓயாமல் வருகின்றனவா? புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் போகிறதா? எண்ணெய்க் குச்சியில் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருக்கிறதா? அப்போது கேஸ்கெட்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம். பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை இருந்தால், குறுகிய ஓட்டத்தில் படிந்த ஈரமாகவும் இருக்கும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏர்கோனை அணையுங்கள். ஓரமாக நிறுத்தி இயந்திரத்தையும் அணையுங்கள். ஹீட்டரைத் திறந்துவிடு என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் எழுதும். நம் வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஏறிய முள் திடீரென்று குளிர்ந்த பக்கம் விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீரே இல்லாமற்போய், அளவுக் கருவி வெறும் ஆவியில் நிற்கலாம். "இன்னும் இரண்டு கட்டைதானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டுகிற அந்த இரண்டு கட்டைதான் அலுமினிய ஹெட்டை வளைத்துவிடுகிறது.

மூடியைத் தொடாதீர்கள்! 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடிக்குள் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். குழாயைப் பிடித்தால் கை தாங்க வேண்டும். அப்போதும் தடித்த துணி போட்டு மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஹெட் வெடிக்கும்.

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஆற்றுத் தண்ணீரும் சேற்று நீரும் வேண்டாம். பிறகு கூலண்ட் ஊற்றுங்கள்; துருவைத் தடுப்பது அதுவே. ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிக்கும் நஞ்சு. மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். பாராகுவாட் மருந்தைத் தோட்டத்தில் தெளித்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. புட்டி மாறிக் குடித்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிராணியார் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோல் எழுதும் கை உங்களுடையது. காரில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் கோடு போட்டுக் கொடுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், முள் ஏறியது நிற்கும்போதா ஓடும்போதா, விசிறி சுழன்றதா. பட்டறைக்குப் போகும் நாளில் அந்த நோட்டை போர்மன் கையில் கொடுத்து, பழைய சாமானையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.