மரத்தின் கையிருப்பு



சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது, இன்னும் சில கிலோ பால் கூடியிருக்கலாமே என்று எண்ணுவது எவருக்கும் இயல்பே. அதனைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. கூடுதலாக எடுக்கும் பாலுக்கு மரம் எதனைச் செலவிடுகிறது என்பதை மட்டும் இன்று ஆராய்வோம்.

மங்கில் வடியும் பாலில் ரப்பருடனும் நீருடனும் புரதமும் கலந்திருக்கிறது. புரதம் உண்டாவதற்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இன்றியமையாதது. ஆகவே ஒவ்வொரு வெட்டிலும் மரம் சிறிது தழைச்சத்தை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய அதற்கு அவகாசம் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும்போது, இடைப்பட்ட நாளில் பாற்குழாய்களில் பால் மீண்டும் ஊறுகிறது. அந்த ஓய்வைப் பறித்துத் தொடர்ந்து வெட்டினால், நாளடைவில் வெட்டுப்பட்டை வறண்டு, பால் நின்றுவிடக்கூடும்.

இலையுதிர் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். இலைகள் உதிருமுன் அவற்றிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியை மரம் தன்னுள் ஈர்த்துச் சேமித்துக்கொள்கிறது. புதுத்தளிர் விடுவதற்கு அச்சேமிப்பே உதவுகிறது.

இவ்வுண்மை நம் மரத்துக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் திராட்சை பயிரிடுவோர் பலர், காய்ப் பருவத்திலேயே சில குலைகளை வெட்டி எறிந்துவிடுகின்றனர். கொடியின் வேரிலும் தண்டிலும் உள்ள தழைச்சத்தே மறு வசந்தத்தின் தளிர்களை ஊட்டுகிறது. குலைகள் அளவுக்கு மிஞ்சினால் அக்கையிருப்பு கரைகிறது. அவ்வாண்டின் பழத்தில் குறை தெரியாவிடினும், அடுத்த ஆண்டில் கொடி மெலிகிறது.

பாலைப் பெருக்கும் எத்திபோன் மருந்தைப் பூசும்போதும் இதே எச்சரிக்கை தேவை. பால் மிகுந்தால் சத்தும் மிகுதியாக வெளியேறும். எனவே வெட்டு நாட்களைக் குறைத்து, தக்க உரமும் இட வேண்டும். உரமிடாமல் பாலை மட்டும் கேட்பது நியாயமாகாது. இது நிர்வாகத்தினர் நினைவிற்கொள்ள வேண்டியது.

நாமும் செய்யத்தக்கது உண்டு. இளமரங்களின் நிரைகளுக்கிடையே படரும் பியூரேரியா, செண்ட்ரோசீமா போன்ற கொடிகளைக் களையென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன. ஆடுமாடுகள் அவற்றை மேய்ந்துவிடாமலும் காத்திடுங்கள்.

தோழர்களே, வரவறிந்து செலவிடும் குடும்பமே நிலைத்து வாழும். மரத்துக்கும் அதுவே விதி. குறித்த நாளில், குறித்த அளவில் வெட்டுவோம். இன்று நமக்குச் சோறிடும் மரம் பல்லாண்டுகள் பால் சுரக்கட்டும்.