பொதுப்பணத்தின் சாவி
(ஏற்காட்டில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



சேர்வராயன் மலையிலே காப்பியும் மிளகும் விளைவிக்கும் நீங்கள், விளைச்சலைக் கிடங்கில் பூட்டினால் சாவியைப் பிறரிடம் விட்டுச் செல்வதில்லை. ஊர்ப் பொதுப்பணத்திற்கும் இன்று ஒரு சாவி உண்டு. அது இரும்பினால் ஆனதன்று. விரலளவே உள்ள மின் கையொப்ப டோக்கனும், அதற்குரிய கடவுச்சொல்லுமே அச்சாவியாகும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ‘இ-கிராம் சுவராஜ்’ என்னும் கணினிக் கணக்குமுறை தொடங்கப்பெற்றது. மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து குடிநீர், துப்புரவு முதலிய பணிகளுக்கான தொகை இதன் வழியே உரியவரின் வங்கிக் கணக்கைச் சேருகிறது. ஒருவர் பட்டியலைத் தயாரிக்க, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருதல் வேண்டும். இருவர் கண்ணும் படாமல் பணம் வெளியேறலாகாது என்பதே இதன் நோக்கம்.

மலையூர்களிலே மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும். செல்பேசித் தொடர்பு அறுந்துபோகும். “ஒவ்வொரு கையொப்பத்திற்கும் அலைவானேன்?” என்று எண்ணி, டோக்கன்கள் இரண்டையும் கணினி இயக்குபவரிடமே ஒப்படைத்துவிடத் தோன்றலாம். அவர் நேர்மையாளராகவே இருக்கட்டும். எனினும் இரு சாவிகளும் ஒரு கையில் சேர்ந்தால், சரிபார்ப்பவர் என்று ஒருவர் இல்லாமற் போகிறார். தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். பின்னர்த் தணிக்கையில் தவறு வெளிப்பட்டால், கையொப்பத்திற்கு உரியவரே பதில் சொல்ல நேரும்.

ஆகவே சில நற்பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, அவரவர் டோக்கன் அவரவரிடமே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளைக் கையொப்ப நாளாகக் குறித்துக்கொண்டால் அலைச்சல் குறையும். பெறுபவர் பெயர், தொகை, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் படித்த பின்னரே ஒப்புதல் தாருங்கள்.

இரண்டாவது, பெயர், பிறந்த ஆண்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடரே சிறந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மற்றொன்றிற்கு வைத்தலும், சுவரில் எழுதி ஒட்டுதலும் ஆகா.

மூன்றாவது, நாற்காலியை விட்டு எழும்போது கணக்கை மூடிவிட்டு எழுங்கள். ஊழியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றால், அன்றே அவருடைய அனுமதியை நீக்கச் செய்யுங்கள்.

நான்காவது, செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, வங்கி அதிகாரி என்று சொல்லிக் கேட்பவருக்கும் கூறாதீர்கள். விவசாயிகளின் சொந்தக் கணக்கிற்கும் இது பொருந்தும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணிற்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். தாமதித்தால் மீட்பது அரிது.

பிறருடைய மின் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் தண்டனை பின்னர் வருவது. காவலோ முன்னரே வேண்டுவது. எந்தப் பணிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கிராம சபையிலே கேளுங்கள். கேட்கும் மக்களும், தம் சாவியைத் தாமே காக்கும் பொறுப்பாளரும் உள்ள ஊரில் பொதுப்பணம் வீண்போகாது.