அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து

(ஏப்ரல் பொதுக்குழுக் கூட்டம் முடிந்தபின், கோடை விடுமுறையை முன்னிட்டு நம் சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி எல்லாம் பேசிக் களைத்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. திருவான்மியூர் கடற்கரை நமக்கு நடக்கும் தூரம். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் அங்கேதான். "எங்க பையனுக்கு நல்லா நீச்சல் தெரியும் சார், பயமில்ல" என்று போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா சொன்னார். அதைக் கேட்டுத்தான் செயலரிடம் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். ஏனென்றால் 24 வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கல்லூரி நீச்சல் அணியில் இருந்தவன் நான். பெசன்ட் நகரில் ஒரு நாள், அலை அதிகம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். சில நிமிடங்களில் கால் தரையைத் தொடவில்லை. கரையைப் பார்த்து மூச்சைப் பிடித்து நீந்தினேன். கரை கிட்டே வரவில்லை, தள்ளித் தள்ளிப் போனது. கை ஓய்ந்துபோன நேரத்தில் கட்டுமரத்தில் வந்த மீனவர் ஒருவர், "கரையப் பாக்காத தம்பி, பக்கவாட்டுல போ" என்று சத்தம் போட்டார். போனேன். நாற்பது அடி போயிருப்பேன், இழுப்பு விட்டுவிட்டது. அதன்பின் அலையே என்னைக் கரைப்பக்கம் தள்ளியது.

அன்று நடந்தது இதுதான். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல்திட்டுகள் இருக்கும். அவற்றின் நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாக எல்லாத் தண்ணீரும் ஒடுங்கி வேகமாக வெளியேறும். கடுமையான இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பள்ளமான இடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியான, கொஞ்சம் கருத்த பட்டை. குழந்தையோடு போகிறவர்கள் "இங்கே அலை இல்லை" என்று அதையே தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே இறங்கும் முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். நுரையும் குப்பையும் கடலை நோக்கிப் போகும் இடத்தில் இறங்காதீர்கள். தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இழுப்பு இருக்கும். அங்கே வேண்டவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டால்? பதறாதீர்கள். இந்த இழுப்பு ஆளைக் கீழே இழுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து மூச்சு வாங்குங்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

கரையில் இருப்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்த மாட்டார். மூச்சு விடவே வாய் போதாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செல்போன் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்க முடியாது.

இரண்டு, காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவர் போகிற இடத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், பந்து, கயிறு, எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். 112-க்கும் 108-க்கும் போன் போடுங்கள்.

வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது வேண்டாம். அதனால் நேரம்தான் வீண். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னியாகுமரிப் பக்கம் "கள்ளக்கடல்" என்பார்கள். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயலால் வரும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரென ஏறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. முன்னதாகவே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கிளம்பும் முன் அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அந்தமானில் ஸ்நார்க்கலிங் செய்கிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடவும் வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். ஸ்கூபா என்றால், மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். கடைசியாக முங்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்த விடுமுறையில் நம் பிள்ளைகள் கூட்டமாகக் கடலுக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். அவர் தண்ணீரில் இறங்காமல், கண்ணை எடுக்காமல், ஒரு கயிறும் காலி கேனும் வைத்துக்கொண்டு கரையில் நிற்கட்டும். முறை போட்டுக்கொள்ளலாம். முதல் ஞாயிறு என் முறை.

என்னைக் கரைசேர்த்த மீனவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்ன ஒரு வரியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். கரையைப் பார்க்காதே, பக்கவாட்டில் போ.