மைதானத்துப் பிள்ளைக்கும் கல்லூரி வேண்டும்

(உயர்கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, அருகிலுள்ள கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் உடற்கல்வி இயக்குநர்களே!

மருத்துவம், பொறியியல் பற்றி முன்னால் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். அஸருக்குப் பிறகு மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டால் கல்லூரி முதலில் கேட்பது சான்றிதழ். மாவட்ட, மாநில அணியில் ஆடியவர்களைப் பெரிய கல்லூரிகள் விடுதி, சாப்பாடு, கட்டணச் சலுகை தந்து அழைத்துக்கொள்கின்றன. சிறிய கல்லூரிகளும் அதே பிள்ளைகளின் பின்னால்தான் ஓடுகின்றன. கிடைக்காதபோது, சேர்க்கை முடிந்த பிறகு, இருப்பவர்களை வைத்து அவசரமாக ஓர் அணி அமைக்கிறார்கள். நன்றாக ஆடியும் சான்றிதழ் இல்லாத நம் பிள்ளையோ கடை வேலைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான். இழப்பு இருவருக்கும்தான்.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது மூன்று.

ஒன்று, முன்கூட்டியே வாருங்கள். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே பள்ளி உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். ஊர்ப் போட்டிகளைப் பாருங்கள். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறான், நடுவரின் தீர்ப்பை எப்படி ஏற்கிறான் என்பதையும் பாருங்கள்.

இரண்டு, உங்களிடம் இருப்பதைச் சொல்லி அழையுங்கள். அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. விளையாட்டுக்கென உதவித்தொகை தர அங்கே விதி இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் வீரர்கள் சேருகிறார்கள். படிப்பையும் ஆடும் வாய்ப்பையும் எடுத்துச் சொல்லித்தான் பயிற்சியாளர்கள் அழைக்கிறார்கள். பெரிய கல்லூரியில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருக்கக்கூடியவன், உங்களிடம் முதல் ஆண்டிலேயே களம் இறங்கலாமே!

மூன்று, வாக்குறுதியை எழுத்தில் கொடுங்கள். கட்டணச் சலுகை எத்தனை ஆண்டுக்கு? காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் என்ன ஏற்பாடு? இவை தெளிவாக இருந்தால்தான் பெற்றோர் நம்பி அனுப்புவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையை மறைத்து ஆட முடியுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கால்பந்தில் ஃபிஃபா 2014லும், கூடைப்பந்தில் ஃபிபா 2017லும் அதற்கு அனுமதி அளித்துவிட்டன. இனி கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டும்: பெண் பயிற்சியாளர் உண்டா? வெளியூர்ப் போட்டிக்கு உடன் வருபவர் யார்? இரவு தங்குவது எங்கே? பெற்றோர் கேட்கும் முன்பே இதைச் சொல்லும் கல்லூரிக்குப் பிள்ளைகள் கிடைப்பார்கள்.

பெற்றோரே, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 17 முதல் 25 வயது வரைதான் ஆட முடியும். கல்லூரியில் நேரடியாகப் படிப்பவராகவும் இருக்க வேண்டும். ஆகவே "இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். குறிப்பிட்ட போட்டிகளில் சாதித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அது எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் பட்டம் கையில் இருந்தால், விளையாட்டு கைவிட்டாலும் படிப்பு கைகொடுக்கும்.

நமது மஹல்லாவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் விளையாட்டுப் பிள்ளைகளின் பட்டியலை அறக்கட்டளை தயாரிக்கிறது. ஆண், பெண் இருபாலர் பெயரையும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்ஷா அல்லாஹ், கல்லூரிகளை நம் மைதானத்துக்கே அழைத்து வருவோம்.

நம் பிள்ளைகளின் உடல் வலிமையிலும் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.