கையைப் பிடித்துப் பார்த்தவர்
(நமது சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் கூட்டத்தில் சில நிமிடங்கள் பேச வேண்டும் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். நம் குடியிருப்பில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். ஆகவே நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அடிக்கடி சொல்லும் ‘கிருபை’ என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிருபை என்றால் தகுதி பார்க்காமல் காட்டும் தயவு. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அங்கே கணக்கில் இருப்பு இருந்தால்தான் செக் பாஸ் ஆகும். கிருபையின் கணக்கு வேறு. அங்கே இருப்பு இல்லாதவருக்கும் வரவு வைக்கப்படும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு போனால், அதை ஒட்டித் திருமணி என்ற ஊர். அங்கே மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1955-இல் அரசு ஏற்கும் முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது.

1947-இல் அங்கே டாக்டர் பால் பிராண்ட் வந்தார். மிஷனரி பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். லண்டனில் படித்து, வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். தொழுநோயாளியைச் சொந்த வீட்டாரே தொடத் தயங்கிய காலம் அது. பிராண்டோ, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்த கை, வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது.

நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அப்போது அவருக்குப் புரிந்தது. அந்தத் தசைகளின் நாண்களை விரல்களுக்கு மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

கை சரியானாலும், ஊரில் அவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. கை நன்றாக இருப்பதால் பிச்சையும் கிடைக்கவில்லை. உடனே அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் என்ற இடத்தை ஏற்படுத்தினார். கிருபை பாதி வழியில் நிற்காது.

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவரின் பெயரையும் பிளாட் நம்பரையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அது பட்டுக்கு ஆர்டர் வராத மாதமாக இருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம். கதவைத் தட்டி, உட்கார்ந்து பேசினால்தானே தெரியும்? படிக்கட்டு பெருக்க வரும் அம்மாவுக்குச் சில வீடுகளில் தனி டம்ளர் வைத்திருக்கிறோம். தொழுநோயாளியின் கையையே ஒருவர் பிடித்தார்; நம்மால் ஒரு டம்ளரை மாற்ற முடியாதா?

பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில், பேச்சில் கிருபையோடு உப்பும் இருக்க வேண்டும் என்கிறார். உப்பு என்பதை, சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்வது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பாக்கி பாக்கிதான். ஆனால் “எப்போது கட்டுவீர்கள்?” என்று நாலு பேர் முன்னால் கேட்பது ஒன்று, “தவணையாகக் கட்டினால் சௌகரியப்படுமா?” என்று தனியாகக் கேட்பது வேறொன்று. அவமானப்பட்டவர் பணத்தைக் கட்டிவிடுவார், ஆனால் அதன்பின் நம் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் நாம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இனிமேல் யார் பெயரையும் குழுவில் போடுவதற்கு முன், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். துணைக்கு ஆள் வேண்டுமானால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.