பண்பாட்டை எங்கே தேடுவது?



கலாச்சாரம் என்றதும் நம்மில் பலருக்குச் சபாக் கச்சேரியும், கோவில் சிற்பமும், படித்தவர்களின் பேச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. "கூலிக்காரனுக்குக் கலாச்சாரம் ஏது?" என்று ஏளனம் செய்கிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சமூக இயல் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்? ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்றொரு நகரம் இருக்கிறது. 1880களில் அந்த வட்டாரத்தில் பூமிக்கடியிலிருந்து எரிவாயு கிடைத்தது. மலிவான எரிபொருளைத் தேடி முதலாளிகள் வந்தார்கள். கண்ணாடி ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் எழுந்தன.

1924 ஜனவரியில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதிகள் அந்த ஊருக்குப் போனார்கள். ராக்பெல்லரின் பணத்தில் நடந்த ஒரு நிறுவனம், மக்களின் மத வாழ்க்கையை ஆராயும்படி அவர்களை அனுப்பியது. ஆனால் மதத்தை மட்டும் தனியே பிரித்து ஆராய முடியாது என்று அவர்கள் கண்டார்கள். ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளைகளை எப்படிப் பயிற்றுகிறார்கள், ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள், ஊர்க் காரியங்களில் எப்படிக் கலந்துகொள்கிறார்கள்? இந்த ஆறையும் சேர்த்து ஆராய்ந்தார்கள்.

சுமார் ஒன்றரை வருஷம் வேலை நடந்தது. 124 தொழிலாளர் குடும்பங்களையும், வியாபார வர்க்கத்தைச் சேர்ந்த 40 குடும்பங்களையும் பேட்டி கண்டார்கள். பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 1890ம் ஆண்டின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். ஊரின் பெயரை மறைத்து, 'மிடில்டவுன்' என்ற நூலை 1929ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? உழைக்கும் ஜனங்களில் 100க்கு 71 பேர் தொழிலாளி வர்க்கம். 29 பேர் வியாபார வர்க்கம். எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதே வாழ்க்கையை நிர்ணயித்தது. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால் போதும். சமையலறையில் விளக்கு எரிந்தால் அது தொழிலாளி வீடு. இருட்டாக இருந்தால் மற்றவர் வீடு!

கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கலாமா என்று அந்த ஊரில் விவாதம் எழுந்தது. வசதி படைத்தவர்கள் ஆதரித்தார்கள். மாலையில் விளையாட வெளிச்சம் கிடைக்கும். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஏன்? வெயிலில் காய்ந்த அவர்களுடைய சிறிய மர வீடுகள் விடியும் நேரத்தில்தான் குளிரும். கண்ணயரும் அந்த ஒரு மணி நேரமும் பறிபோகும் என்றார்கள். தோழர்களே, கடிகாரம் ஒன்றுதான். அதில் இரண்டு வர்க்கங்கள் இரண்டு வாழ்க்கையைப் பார்த்தன. கலாச்சாரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம். 1890களில் அங்கே தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்தன. தொழிலாளர்களுக்கென்று ஒரு படிப்பகமும் இருந்தது. 1924ல் சங்கங்கள் நலிந்துவிட்டன. கூலிக்காகப் பேரம் பேசும் பலம் குறைந்தது மட்டுமா? சேர்ந்து படிப்பதும், கூடிப் பேசிக் களிப்பதும் தேய்ந்தன. மோட்டார் காரும், சினிமாவும், ரேடியோவும் ஓய்வு நேரத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த ஆராய்ச்சியில் குறை இல்லையா? உண்டு. பெரியது இரண்டு.

முதலாவது, மேலே இருப்பவர்களைப் போதிய அளவு பார்க்கவில்லை. 1935ல் ராபர்ட் லிண்ட் மறுபடி போனார். கண்ணாடி ஜாடித் தொழிலில் செல்வம் சேர்த்த ஒரு குடும்பத்தின் பிடி, பாங்கு முதல் கல்லூரி வரை பரவியிருப்பதை 1937ல் வந்த இரண்டாவது நூலில் ஒரு முழு அத்தியாயமாகவே எழுதினார்கள்.

இரண்டாவது, கீழே இருப்பவர்களை விட்டுவிட்டார்கள். மன்சியில் கறுப்பின மக்களும் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள். ஆனால் முதல் ஆராய்ச்சி வெள்ளையரோடு நின்றுவிட்டது. மாநில சட்டசபையில் உறுப்பினராக இருந்த ஹர்லி குடால் என்ற கறுப்பினத்தவர், தம் மக்களின் வரலாற்றைத் தாமே பல ஆண்டுகள் சேகரித்தார். அவருடைய முயற்சியின் தொடர்ச்சியாக, அந்த ஊர்ச் சர்வகலாசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் கறுப்பின மக்களோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அது 2004ல் வெளிவந்தது. முதல் நூலுக்குப் பிறகு 75 ஆண்டுகள்!

ஆகவே, எங்கள் கலாச்சாரம் இது என்று யாராவது ஒரு நூலை நீட்டினால், நாம் கேட்க வேண்டியவை மூன்று. யாரைக் கேட்டு எழுதினீர்கள்? யாரை விட்டீர்கள்? இதற்குப் பணம் கொடுத்தது யார்?

ஆராய்ச்சியை வெறுக்க வேண்டாம். லிண்ட் தம்பதிகள் கேட்ட கேள்விகள் நாமும் கேட்கக்கூடியவைதான். நம் தெருவில் எத்தனை மணிக்கு அடுப்பு எரிகிறது? வேலையில்லாத மாதத்தில் எந்தச் செலவு முதலில் நிற்கிறது? பிள்ளை எந்த வகுப்போடு பள்ளியை விட்டது, ஏன்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். சேரியையும் விடாதீர்கள், பண்ணை வீட்டையும் விடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.