அப்பாவா, அம்மாவா?

பிள்ளை "அப்பா" என்று கூப்பிடுகிறது. கேட்பவருக்கு "அம்மா" போல இருக்கிறது. மூக்கால் கதைக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

'ப', 'ட', 'க' சொல்லும்போது, உள்நாக்கு தொங்கும் மெல்லண்ணம் எழும்பி மூக்குவழியை அடைக்கவேண்டும். அண்ணம் பிளந்தோ, குட்டையாகவோ, தளர்ந்தோ இருந்தால் காற்று மூக்கால் போய்விடும். சில பிள்ளைகளில் பிளவு மேல்தோலுக்கடியில் மறைந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்தாலும் லேசில் தெரியாது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது அதற்கு ஓர் அடையாளம்.

கர்ப்பகாலத்தில் கிரகணம் பார்த்ததால்தான் பிளவு வந்தது என்று பழி போட்டுத் தாயை நோகடிக்கவேண்டாம், அது உண்மையல்ல.

வெளிப்படையான பிளவைப் பெரும்பாலும் 18 மாத வயதுக்குள் தைத்துவிடுவார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி. ஊதுகிற பயிற்சி மூக்குவழியில் உள்ள இடைவெளியை மூடாது.

பருத்தித்துறையோ வேலணையோ, உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.